ஃபேக்ஸ் கட்டத்தில் எழுதிய காடு

சோளக்காடு என்ற மலையூரில் நான் வேலை பார்த்த மிளகுக் கம்பெனிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. மலை விவசாயிகளே பங்குப் பணம் போட்டு, தங்களுக்குள் ஒரு தலைவரையும் சில இயக்குநர்களையும் தேர்ந்தெடுத்து நடத்திய கம்பெனி அது. மிளகு, காப்பி, சாமை என்று வாங்கி, சலித்து, மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புவோம். முதலாளி இல்லாததால் உள்ளே நுழைகிற எல்லோருமே முதலாளி. எனக்கு மேலே அத்தனை பேர் இருந்தார்கள். எனக்குக் கீழே ஒரு சர்வர் மட்டும் இருந்தது.

நான் மலைக்காரி இல்லை. காரவள்ளிக்குக் கீழே சமவெளியில் பிறந்து, கணக்கு எழுதும் வேலைக்காக மேலே ஏறி வந்தவள். வந்த புதிதில் ஒருநாள் கம்ப்யூட்டர் அணைந்துபோய் ஆபீசே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கழன்றிருந்த பிளக்கைச் செருகினேன். அன்றைக்குப் பிடித்த சனியன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் என் தலையில்தான் விடிந்தது. திட்டு வாங்குவதென்று ஆகிவிட்டது, விஷயம் தெரிந்தாவது வாங்கலாமே என்று நானே உட்கார்ந்து படித்துக்கொண்டேன்.

சர்வர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூட்டை அடுக்கும் குடோனுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில், பழைய சூட்கேஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஆபீசிலிருந்த மற்ற கம்ப்யூட்டர்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் அந்தப் பெட்டியைத்தான் கேட்கும். எந்த ஊர்க்காரர் என்ன சரக்கு போட்டார், எந்த மூட்டையில் என்ன லேபிள் ஒட்ட வேண்டும் எல்லாம் அதற்குள். அதைவிட முக்கியமாக, யாருடைய காடு, அதாவது விளைநிலம், ரசாயன மருந்து படாத காடு, யாருடையது அப்படி இல்லை என்ற பதிவும் அதற்குள். மருந்தே படாமல் மூன்று வருடம் காத்திருந்தால்தான் ஒரு மிளகுக் காட்டுக்கு இயற்கைச் சான்றிதழ் கிடைக்கும். நடுவில் ஒரே ஒருமுறை பட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம்.

மற்றவர்கள் அந்தச் சான்றிதழை நல்ல விலைக்காக வைத்திருந்தார்கள். குண்டனி நாடு என்ற மலைப்பகுதியிலிருந்து வரும் ஓர் அக்கா மட்டும் அதை வேறொரு காரியத்துக்கு வைத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரருக்குக் களைக்கொல்லி அடித்துவிட வேண்டும் என்று தீராத ஆசை. அவரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. சரிவில் குனிந்து களை கொத்துவது முதுகை ஒடிக்கும் வேலை. ஆனால் ஒடிந்த முதுகு அவருடையது இல்லை, அக்காவுடையது. அந்தக் காட்டின் அடிவாரத்தில் ஓர் ஊற்று இருந்தது. வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர் அதிலிருந்துதான். மேலே மருந்தடித்தால் மழைக்கு எல்லாம் கீழே வந்து சேரும் என்று அக்கா வருடக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கூட்டுக்காரரு எம்பேச்சக் கேக்கமாட்டாரு கண்ணு. காயிதம்னா பயப்படுவாரு. மருந்தடிச்சா காயிதம் போயிரும்னு சொல்லித்தான் இத்தன வருசமா நிறுத்தி வெச்சிருக்கறேன்."

அந்த வீட்டில் அவருடைய பேச்சுக்கு இருந்த ஒரே பலம் அந்தப் பதிவுதான். ஆகவே ஒவ்வொரு வருடமும் மிளகு போட வரும்போது நேரே என் மேஜைக்கு வந்து, "என்ற காடு உள்ளார இருக்குதா?" என்று கேட்பார். தன்னுடைய காடு இன்னும் பதிவில் இருக்கிறதா என்று அர்த்தம். நான் திரையைத் திருப்பிக் காட்டுவேன். இயற்கைக் காடுகளுக்குப் பச்சை நிறம் கொடுத்து வைத்திருந்தேன். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் பச்சையைப் பார்த்துவிட்டு, திருப்தியாக எடை மேடைக்குப் போவார்.

அந்தப் பெட்டியை ஓட்டும் மென்பொருளைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி, இன்ன தேதிக்குப் பிறகு இதை நாங்கள் கவனிக்க மாட்டோம் என்று வெகு முன்பே அறிவித்துவிட்டது. அதனால் பெட்டி நின்றுவிடாது. அதுவரை மென்பொருளில் எங்கே ஓட்டை தெரிந்தாலும் அவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள், இனிமேல் அடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எவனாவது உள்ளே புகுந்தால் கேட்க நாதி இருக்காது. இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. அடுத்த இயக்குநர் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன்.

போண்டா சூடாக வந்திருந்த நேரம். தலைவர் ஒன்றைப் பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தப் பிரச்சினையையும் மூலையில் வைத்தால் தானே பழுத்துவிடும் பலாக்காய் மாதிரி நினைப்பவர்.

"ஏனுங்கம்மிணி, அன்னைக்கோட பெட்டி செத்துப்போயிருமா?"

"சாகாதுங்க. ஆனா அதுக்கப்பறம்..."

"சாகாதில்ல? அப்பறமென்ன. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்."

என்னுடைய 'ஆனா' போண்டாவோடு போயிற்று. மலையில் எப்போது சீசன் முடிந்திருக்கிறது? மிளகு முடிந்தால் பலா, பலா முடிந்தால் ஆடி நோம்பித் திருவிழா, நோம்பி முடிந்தால் சாமை அறுப்பு, பிறகு காப்பி, திரும்பவும் மிளகு. ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்திலும் போண்டா வந்தது.

அவர்கள் காதில் போட்டுக்கொள்ளாவிட்டாலும் என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். எடை மெஷின், லேபிள் அடிக்கும் பிரிண்டர் என்று அந்தப் பெட்டியை நம்பி எதெல்லாம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் நகல் எடுத்து, ஆபீசின் ஈரத்தில் வைக்கப் பயந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் வைத்தேன். நகல் எடுத்தால் போதாது, அது திரும்ப உயிர் பெறுமா என்று பார்க்க வேண்டும். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, அந்த நகலை அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆபீசில் ஓர் ஆள் இல்லை. எடை போடுகிறவரிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்றார்.

ஆனால் புதிய பெட்டி வாங்குவதோ நகல் எடுப்பதோ இதில் பெரிய வேலை இல்லை. நான் இரண்டு வருடம் கேட்டது வேறொன்றுக்காக. அதைப் புரிந்துகொள்ள இந்த மலையின் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், பாட்டி பெயரைப் பேத்திக்கு. அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு வீட்டிலும் மூத்த பையனுக்கு ஒரே பெயர். வைக்கிற சாமி பெயர்களும் கைவிரலில் அடங்கிவிடும். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள், இருவருடைய வீட்டுக்காரருக்கும் ஒரே பெயர் என்பதெல்லாம் இங்கே யாரும் வியக்கிற விஷயம் இல்லை. மலைக்காரர்களுக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. ஆளைக் காட்டை வைத்துத்தான் சொல்வார்கள். நான் சொன்ன அக்கா ஊத்துக்காட்டுக்காரி. அதே ஊரில் அதே பெயருள்ள இன்னொரு பெண், வீட்டுக்காரர் பெயர் உட்பட எல்லாம் ஒன்றே, அவர் பாறையடிக்காரி. அவர் மிளகோடு அன்னாசியும் குச்சிக்கிழங்கும் போட்டு, மருந்தும் அடித்து, அதை மறைக்காமல் சாதாரணச் சரக்காகவே கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பழைய மென்பொருளோ யாரோ டவுன் கடைக்காரருக்காகச் செய்தது. பெயர் கேட்கும், அப்பா அல்லது கணவர் பெயர் கேட்கும், ஊர் கேட்கும், போன் நம்பர் கேட்கும். காட்டின் பெயரைக் கேட்காது. ஆனால் ஃபேக்ஸ் நம்பர் கேட்கும். இந்த மலையில் எவர் வீட்டில் ஃபேக்ஸ் இருக்கிறது? எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மலைக்காரர். சும்மா கிடக்கிற கட்டம்தானே என்று, ஃபேக்ஸ் கட்டத்தில் காட்டின் பெயரை எழுத ஆரம்பித்திருந்தார். நானும் அதையே தொடர்ந்தேன். போன் நம்பர் ஆளை அடையாளம் காட்டும் என்று நினைக்கலாம். அக்காவின் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒரு டீக்கடை வாசல் மட்டும்தான். ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்த டீக்கடைக்காரர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

எனவே புதிய இடத்துக்கு மாற்றும் முன்னால் ஊர் ஊராகப் போக வேண்டும், ஒவ்வொருவரிடமும் அவர் பதிவைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும், ஆளுக்கொரு உறுப்பினர் எண் கொடுக்க வேண்டும் என்றேன். நடந்துதான் போக வேண்டிய ஊர்கள் பாதி. அதற்குத்தான் அந்த இரண்டு வருடம். கூட இரண்டு ஆள் கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றார்கள்.

அந்த நாளும் வந்தது. மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் ஆபீசுக்குப் போனால், வழக்கத்துக்கு மாறாகத் தலைவரும் இரண்டு இயக்குநர்களும் எனக்கு முன்பே வந்து அந்தச் சின்ன அறை வாசலில் நின்றிருந்தார்கள். எல்லோர் கண்ணும் பெட்டியின் பச்சை விளக்கின் மேல். நான் சாகாது என்று எத்தனை முறை சொல்லியும், அன்றைக்கு அது சாகும் என்றுதான் மனதுக்குள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மதியம் வரைக்கும் விளக்கு எரிந்தது. சாயங்காலமும் எரிந்தது. தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்கம்மிணி, கல்லாட்டம் நிக்குது. இதுக்கா ரெண்டு வருசமா எங்கள மெரட்டீட்டிருந்தீங்க?"

எடை போடுகிறவர், "பெட்டிக்குக் காரியம் எப்பங்க மேடம்? சாப்பாடு போடுவீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு ஆபீசில் அப்படி ஒரு சிரிப்பு. ஒரு மனுஷி உண்மையைச் சொன்னதற்காக அத்தனை பேர் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு சில வாரம், பஸ் லேட்டானால்கூட "மேடத்தோட சர்வர் செத்துருச்சாட்டம் இருக்குது" என்பது அங்கே பேச்சாகிவிட்டது.

தை பிறந்து மிளகு வரத் தொடங்கிய நேரத்தில், எங்களிடம் மிளகு வாங்குகிற பெரிய கம்பெனி சில கேள்விகளை அனுப்பியது. பதில் வந்தால்தான் இந்த வருடம் சரக்கு எடுப்பார்களாம். நடுவில் ஒரு கேள்வி: உங்கள் சர்வர் மென்பொருளுக்கு இப்போது ஆதரவு இருக்கிறதா, இல்லையா?

"ஆமான்னு போட்டு அனுப்பீருங்க" என்றார் தலைவர்.

"நான் போட மாட்டேனுங்க. நீங்க வேணும்னா உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

அவர் போடவில்லை. பொய் எழுதப் பயம், மெய் எழுத வெட்கம். மறுநாளே, பதிவுகளையெல்லாம் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றித் தரச் சேலத்தில் ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் கிடைக்காத அவசரம் ஒரே இரவில் கிடைத்தது. ஊர் ஊராகப் போவதெல்லாம் இனி நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. குறைந்தபட்சம் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று, பெட்டியை எடுத்துப்போக வந்த சேலத்துக்காரரை உட்காரவைத்து, ஃபேக்ஸ் கட்டத்தில் இருப்பது ஃபேக்ஸ் இல்லை, காட்டின் பெயர், அதுதான் ஆளின் அடையாளம், அதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று எடுத்துச் சொன்னேன். பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். அவர் பொறுப்பாகத் தலையாட்டினார். சேலத்தில் உட்கார்ந்து வேலையைச் செய்தது வேறொருவர். அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

புதிய ஏற்பாடு வந்தது. ஆபீசில் பெட்டியே கிடையாது, எல்லாம் எங்கோ தூரத்தில். திரை பளிச்சென்று இருந்தது. தொட்டால் திறந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நான் முதலில் பார்த்தது உறுப்பினர் எண்ணிக்கையை. குறைந்திருந்தது. சேலத்துக்குப் போன் போட்டேன்.

"ஆமா மேடம், உங்க டேட்டா ரொம்ப அழுக்கா இருந்துச்சு. ஒரே ஆள் ரெண்டு மூணு தடவ வந்திருந்தாங்க. பேரு, அப்பா இல்லேன்னா கணவர் பேரு, ஊரு, போன் எல்லாம் ஒண்ணா இருந்தா ஒண்ணாக்கிட்டோம். இப்ப கிளீன்."

"ஃபேக்ஸ் கட்டம் என்னாச்சுங்க?"

"இந்தக் காலத்துல யாரு மேடம் ஃபேக்ஸ் வெச்சிருக்காங்க? தூக்கிட்டோம்."

குடோனில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். தலைவரிடம் ஓடினேன். "செத்தவங்க பேரெல்லாம் எடுத்திருப்பாங்க அம்மிணி, கூட்டமா இருக்கற நேரத்துல எதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சேலம் கம்பெனி அனுப்பிய ஒரு தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முடியாது என்றேன். தலைவரே போட்டார். மிளகு மூட்டையை எண்ணக்கூட மூக்குக்கண்ணாடி மாட்டுகிறவர், அன்றைக்கு மாட்டாமலேயே போட்டார்.

மாசியில் ஒருநாள் காலை பஸ்ஸில் ஊத்துக்காட்டு அக்கா மிளகு மூட்டையோடு வந்து இறங்கினார். நேரே என் மேஜைக்கு வந்தார்.

"என்ற காடு உள்ளார இருக்குதா கண்ணு?"

பெயரைத் தட்டினேன். சிவப்பாக வந்தது. ரசாயனம் என்று வந்தது. அவரையும் பாறையடிக்காரியையும் ஒரே பெண்ணாக்கியிருந்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மாதிரி பதிவு இருந்தால் மோசமானதையே எடுத்துக்கொள் என்பது விதி. வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்து வைத்த விதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேரை ஒருத்தியாக்கிய மடத்தனத்தைத்தான் சொல்கிறேன். திரையைத் திருப்பாமல் இருக்கப் பார்த்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏங் கண்ணு செவப்பா இருக்குது?"

"தப்பு விழுந்திருச்சுங்கக்கா. நான் சரி பண்ணித் தாரேன், கொஞ்ச நாள் குடுங்க."

"நானு அடிக்கலியே சாமி."

"எனக்குத் தெரியுமுங்கக்கா."

"உனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது. அவுரு கேட்டா நானு என்னத்தக் காட்டுறது?"

மிளகைத் தனியாக வைக்கலாம், நான் பொறுப்பு என்றேன். எடை போடுகிறவர் தலையைச் சொறிந்தார். சீட்டு அடித்தால்தான் புதிய ஏற்பாட்டில் எடை ஏறும், சீட்டில் வந்தபடிதான் குவியல். அக்கா கையால் களை கொத்தி வளர்த்த மிளகு சாதாரணக் குவியலில் போய் விழுந்தது. விழுந்த பிறகு அதில் எது யாருடையது என்று எவராலும் பிரிக்க முடியாது. ரசாயனம் என்று அடித்த சீட்டை அக்கா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் சீட்டைக் கேட்பார் என்றார். மதிய பஸ் வரும் வரையில் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து நான் வேறு வேலை எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. சேலத்துக்குத் தினமும் போன். "பழைய டேட்டாவுக்கெல்லாம் எங்க சப்போர்ட் கிடையாது மேடம், ஒப்பந்தத்துல இல்ல" என்றார்கள். பழைய பெட்டியைக் கேட்டேன், அதைக் கழித்துக்கட்டிவிட்டார்களாம். அரிசி டின்னில் இருந்த என் நகல்தான் மிச்சம். அதைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, தொலைந்துபோன காடுகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். அக்கா ஒருவர் மட்டும் இல்லை. மலை முழுக்க இப்படி ஒன்றாக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஓர் ஊரில் அப்பா மகன் என்ற உறவுகூட இல்லாத, வெறும் பங்காளிகளான மூன்று பேரை ஒரே ஆளாக்கி வைத்திருந்தார்கள். தலைவருக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. "எப்படியாவது பாத்துப் பண்ணுங்கம்மிணி" என்றார். இந்த முறை சீசனைப் பற்றிப் பேசவில்லை.

சான்றிதழ் கொடுக்கிறவர்கள், காகிதத்தை வைத்துப் பாதிப் பேரைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். ஆனால் யாருடைய சரக்கு ஏற்கெனவே ரசாயனம் என்று விற்றுப்போனதோ அவர்களுடைய காட்டை இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்தால்தான் பச்சை திரும்பக் கிடைக்கும். இதற்குள் பங்குனி போய், சித்திரை போய்விட்டது. அக்காவுக்குச் சொல்லி அனுப்ப அந்த டீக்கடைக்காரருக்குப் பலமுறை போன் போட்டேன். "சொல்லீட்டனுங்க" என்பார். சொன்னாரா, எப்போது சொன்னார், தெரியாது. எல்லாம் சரியாகிவிடும், பொறுத்திருக்கச் சொல்லுங்கள் என்பதுதான் நான் அனுப்பிய செய்தி.

வைகாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். சமவெளிக்காரர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோய் இறங்கினார். சோடா வாங்கிக் கொடுத்து, ஜீப்பில் ஏற்றி, ஜீப் நின்ற இடத்திலிருந்து நடத்திக் கூட்டிப்போனேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். என் பையில் அக்காவின் பழைய பதிவு, வருடவாரியாக, ஊத்துக்காடு என்ற பெயரோடு இருந்தது. இத்தனை நாள் சிரித்தவர்கள் முகத்தில் அதை வீசலாம் என்றுகூட நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கோடை மழை பெய்து மலையெல்லாம் பச்சை. ஊத்துக்காட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்குக் கீழே புல் பூராவும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து படுத்திருந்தது. காட்டின் வேலியோரம் வரைக்கும் மஞ்சள், அதற்கு அந்தப் பக்கம் பச்சை. வெயிலில் காய்ந்த புல் அப்படிக் கோடு போட்ட மாதிரி காயாது. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு பிடி பிடுங்கிப் பார்த்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை.

"ஆபீசுலயே மருந்தடிச்ச காடுன்னு சீட்டுக் குடுத்துட்டாங்களேங்க. அப்பறம் இவ எதுக்குங்க குனிஞ்சு கொத்தோணும்? ஆளும் கெடைக்கறதில்ல. பங்குனியில அடிச்சு உட்டேன்."

அப்போது அக்கா மேட்டிலிருந்து குடத்தோடு இறங்கி வந்தார். ஊற்று இருப்பது கீழே. அவர் வந்தது மேலேயிருந்து, ஊர்ப் பைப்படியிலிருந்து. என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வா கண்ணு, வெயில்ல வந்திருக்கற" என்றார்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பி, "மருந்து அடிச்சிருக்காங்களே மேடம்?" என்றார்.

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "இல்லீங்க சார், பக்கத்துக் காட்டுல அடிச்சது காத்துல வந்திருக்கும். இவங்க அடிக்கறவங்க இல்ல. எனக்குத் தெரியும்."

"பொய் சொல்லாத கண்ணு" என்றார் அக்கா. இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்: "அடிச்சதுதானுங்க. அவுரு தோள்ல டேங்க மாட்டிக்கிட்டாரு. நாந்தான் தண்ணி மொண்டு ஊத்திக் குடுத்தேன்."

வீட்டுக்காரர் திரித்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் பையிலிருந்த தாளை வெளியே எடுக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் தன் டேப்லெட்டைத் திறந்து அக்காவின் பெயரைத் தேடினார்.

"இதுல இப்பவே ரசாயனம்னுதானே இருக்கு?"

"ஆமாங்க சார்."

"அப்ப இதுல திருத்த ஒண்ணும் இல்ல மேடம்" என்று மூடிவிட்டு, அடுத்த காடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்.